ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்

ஏனுங்க, இந்த பஸ் வேப்பங்காட்டுப் பிரிவுல நிக்குமுங்களா? நிக்குமா, சரி. கண்டக்டர்கிட்டயும் கேட்டேன், அவரும் நிக்கும்னுதான் சொன்னாரு. இருந்தாலும் மனசு கேக்கலை. கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளி உக்காருங்க. பின்னாடி சீட்டெல்லாம் காலியாத்தான் கெடக்குது, தப்பா நெனைச்சுக்காதீங்க, எனக்கு இப்பப் பக்கத்துல ஒரு ஆளு இருந்தாத் தேவலைன்னு இருக்குது.

கையப் பாக்கறீங்க. குளிரு இல்லீங்க. குடிக்கற பழக்கமும் கெடையாது. பயமுங்க. முப்பத்தினாலு வயசாகுது, அறுபது கிலோவைத் தலைக்கு மேல தூக்கறவன், பயந்து போய் உக்காந்திருக்கேன். பைக்கு கெளம்புன எடத்துலயேதான் நிக்குது. சாவியப் போடப் போனா ரெண்டு தடவை கீழ விழுந்துருச்சு. மூணாந் தடவை குனியறப்ப இந்த பஸ் வந்துச்சு, ஓடி வந்து ஏறிட்டேன்.

இன்னும் எத்தனை ஸ்டாப்புங்க? ஏழா.

ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. ஒரு மனுசன் வெள்ளென அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, பத்து கிலோ இரும்பை மஞ்சப்பையில போட்டுக்கிட்டு, பதினோரு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டுக்கு நடந்து போறாரு. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. போனை மேசை மேலயே வெச்சுட்டுப் போயிட்டாரு. எதுக்குப் போறாருன்னு நெனைப்பீங்க? ஆமாங்க. நானும் அதைத்தான் நெனைக்கறேன்.

அந்த இரும்பு என்னோடதுங்க. அதான் டம்பெல்லு. நாந்தான் அவருக்குக் கொண்டு போய்க் குடுத்தேன்.

எம்பேரு பூபதி. டவுன்ல ஒரு ஜிம்முல மாஸ்டரா இருக்கேன். அதுபோக காலைலயும் சாயங்காலமும் வீட்டுக்கே போய் எக்சர்சைஸ் சொல்லிக் குடுப்பேன். பெர்சனல் ட்ரெய்னிங். சுகரு, பிரசரு, மூட்டுவலி, இந்த மாதிரி ஆளுகதான் அதிகம். எங்க ஜிம்முல ஒரு சார்ட் குடுத்திருக்காங்க. பன்னண்டு வாரத்துக்கு என்னென்ன பண்ணணும்னு அதுல போட்டிருக்கும். மேல ஒரு வெள்ளைக்காரன் வயித்துல ஆறு கட்டு வெச்சுட்டு நிப்பான். எல்லாருக்கும் அதே சார்ட்டுதான், கல்யாணத்துக்கு இளைக்க வர்ற புள்ளைக்கும் அதே, பேரன் எடுத்தவருக்கும் அதே. அதை அப்படியே போட்டா மூணாவது வாரத்துக்கு மேல ஒருத்தரும் வரமாட்டாங்க. முட்டி வலிக்குதும்பாங்க, ஒறம்பரை வந்துட்டாங்கம்பாங்க, அமாவாசைம்பாங்க.

எங்கிட்ட வர்றவங்க மட்டும் பாதியில நின்னுக்க மாட்டாங்க. என்னன்னா, நான் ஆளைப் பாத்து சார்ட்டை மாத்திருவேன். ஒரு பேங்க் மேனேஜரு இருந்தாரு, முழங்கையக் கீழ ஊனி ஒடம்பை நேராத் தாங்கி நிக்கணும்னா பத்து செகண்டுல படுத்துக்குவாரு. அவரு நிக்கற வரைக்கும் நேத்து நடந்த மேட்சைப் பந்து பந்தாச் சொல்லுவேன். படுத்தா நிறுத்திருவேன். கடைசி ஓவருக்காக ரெண்டு நிமிசம் நின்னாருங்க அந்த மனுசன்.

எண்றதுலயும் ஒரு வித்தை இருக்குது. பத்து தடவை குந்தி எந்திரிக்கணும்னா ஒன்பது வரைக்கும் ஒழுங்கா எண்ணுவேன். அப்புறம் ஒன்பது, ஒன்பது, ஒன்பதுன்னே சொல்லிட்டிருப்பேன். பத்துன்னு சொல்லிட்டா ஒடம்பு விட்டுரும். ஒன்பதுல நிறுத்தினா இன்னும் ஒண்ணுதானேன்னு தூக்கும். திட்டுவாங்க, சிரிப்பாங்க, மறுநாள் வந்து நிப்பாங்க. அது பொய்யில்லீங்க. தொழிலு.

இது எந்த ஸ்டாப்பு? பால் சொசைட்டியா. இங்க வரைக்கும்தான் அவரை மொதல்ல நடக்க வெச்சேன்.

அவருன்னா நாச்சிமுத்து அய்யா. தறிப்பட்டறை வெச்சிருந்தவரு, இப்ப மகன் பாத்துக்கறான். வயசு அம்பத்தெட்டு. சுகரு முந்நூத்தி நாப்பது. இப்படியே போனா கண்ணும் போகும் காலும் போகும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. வீட்டுக்கார அம்மா, வசந்தாமணி அக்கா, எங்கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. "மாஸ்டர், இவரு கட்டில்ல இருந்து நாக்காலிக்கு வருவாரு, நாக்காலில இருந்து கட்டிலுக்குப் போவாரு, அவ்வளவுதான். எப்படியாச்சும் எந்திரிக்க வைங்க"ன்னாங்க. நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். மேட்ச் சொன்னேன். தூங்கிட்டாரு. பாட்டுப் போட்டேன். நிறுத்தச் சொன்னாரு. மூணு வாரம் ஓடிப்போச்சு, இந்த ஆளு தேற மாட்டாருன்னு எனக்கே தோணிருச்சு.

ஒருநாள் சும்மா பேசிட்டிருக்கறப்ப தம்பி பேச்சு வந்துச்சு. தம்பி பேரு குழந்தைவேலு. ரெண்டே பேருதான் பொறந்தது. இவரு நூல் வாங்க சூரத்துக்குப் போயிருந்தப்ப அம்மா தவறிட்டாங்க. இவரு ரயில் ஏறி வர்றதுக்குள்ள தம்பி எடுத்துட்டாரு. அம்மா மொகத்தைப் பாக்கலை இவரு. வந்து பாத்தா சாம்பல்தான். அன்னைக்குச் சொன்னாராம், இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு. அதோட சரி. இதைச் சொல்றப்ப அவரு கையைப் பாத்தேங்க. டம்பெல்லைத் தொடச் சொன்னா விரலே மடங்காது அந்தக் கைக்கு. அப்ப முறுக்கிக்கிட்டு முட்டியா நிக்குது.

எனக்குப் பொறி தட்டுச்சு. தம்பி வீடு எவ்வளவு தூரமுங்கன்னேன். நாலு கிலோமீட்டரு, அந்தத் திசைக்கே நான் போறதில்லைன்னாரு. "அந்த வாசல் வழியா நீங்க நெஞ்சை நிமித்திட்டு நடந்து போனா, அவரு பாத்தா எப்படிங்க இருக்கும்?"னேன். அவ்வளவுதான் கேட்டேன். மறுநாள் அஞ்சரைக்குப் போறேன், ஷூ போட்டுக் கயிறு கட்டி வாசல்ல நிக்கறாரு.

சார்ட்டைக் கிழிச்சுப் போட்டேன். மொத வாரம் பால் சொசைட்டி. அடுத்த வாரம் ரேசன் கடை. அதுக்கடுத்து ரைஸ் மில்லு. திரும்பறப்ப ஆட்டோ. ஒவ்வொரு வாரமும் தம்பி வீட்டுப் பக்கமாக் கொஞ்சம் கொஞ்சம் நகத்திக்கிட்டே போனேன். ஆறாவது வாரம் தம்பி வீட்டுக் கேட்டுக்கு முன்னாடியே போயிட்டோம். தம்பி செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தாரு. இவரு திரும்பிப் பாக்கலை. ஆனா நடந்த நடை இருக்குதே, எனக்கே ஓட்டமாப் போச்சு. ரோசமுங்க. ரோசத்துக்கு மிஞ்சின மருந்து இல்லை. ரெண்டு மாசத்துல சுகரு நூத்தி அறுபதுக்கு வந்துருச்சு. டாக்டரு என்ன பண்ணீங்கன்னு கேட்டாரு. நான் சொல்லலை. தொழில் ரகசியமுங்க.

இருங்க, இன்னொருக்கா போன் போட்டுப் பாக்கறேன். தம்பி நம்பருதான். அடிக்குது. எடுக்க மாட்டேங்கறாரு பாருங்க. இது பதினோராவது தடவை. எடுக்க முடியாமக் கெடக்கறாரோ என்னமோ. அய்யோ, நான் என்ன பேசறேன்.

தம்பி நம்பரு எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்க. அவரும் என் ஆளுதாங்க. ஒருநாள் அய்யாவை ஆட்டோவுல ஏத்தி உட்டுட்டு நான் பஸ்சுக்கு நின்னேன். தம்பி கேட்டைத் திறந்து வந்தாரு. "நீங்க யாருங்க? எங்கண்ணனுக்கு ஒடம்புக்கு என்ன? எதுக்குத் தெனமும் நடக்கறாரு?"ன்னாரு. பாருங்க, எப்படிப் போட்டி போடறாருன்னு. அப்பவே புரிஞ்சுக்கிட்டேன், இவரும் ரோசக்காரருன்னு. அவருக்குத் தோள்பட்டை புடிச்சுக்கிட்டு ஒரு கை மேல தூக்க முடியாது. அதுக்கு எக்சர்சைஸ் சொல்லித் தர்றேன்னேன். ஒத்துக்கிட்டாரு. பாட்டில்ல மணலை ரொப்பிக் குடுத்தேன், ஒரு கிலோ வரும். அதையும் நெஞ்சு வரைக்கும்தான் கொண்டு வருவாரு. ஆனா ஒருநாள் லீவு போட மாட்டாரு. போனதும் மொதக் கேள்வி, "இன்னைக்கு அண்ணன் எவ்வளவு தூரம் நடந்தாரு? என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?" அதுதான். கண்ணுல என்ன ஒரு வேகம். நான், "உங்களைய ஒரு ஆளாவே அவரு மதிக்கலைங்க, நீங்க மொதல்ல கையைத் தூக்குங்க"ம்பேன். தலையக் குனிஞ்சுக்கிட்டுத் தூக்குவாரு.

அய்யாகிட்டப் போய், "உங்க தம்பி பத்து கிலோ தூக்கறாருங்க"ம்பேன். அய்யாவுக்கு மூஞ்சி செவந்துரும். "அவனா? சின்னதுல தண்ணிக் கொடம் தூக்க மாட்டான். எனக்கும் பத்து கிலோ கொண்டா"ன்னாரு. கொண்டு போய்க் குடுத்தேன். அதாங்க அந்த டம்பெல்லு.

எரியற அடுப்புக்கு வெறகு தள்ளற மாதிரிதான். அளவாத்தான் தள்ளுனேன். நான் ஒண்ணும் பெருசாச் சொல்லலைங்க.

என்ன, ரேசன் கடை தாண்டிருச்சா? அப்ப நாலு ஸ்டாப்பு. டிரைவரு ஏன் இப்படி உருட்டறாரு? வேகமாப் போகச் சொல்லலாமா? இல்லை, வேண்டாம். மெதுவாவே போகட்டும். போய்ப் பாக்கவும் பயமா இருக்குது, போகாம இருக்கவும் பயமா இருக்குது.

காலைல அஞ்சரைக்கு வழக்கம் போலப் போனேன். வசந்தாமணி அக்கா வாசல்ல உக்காந்திருந்தாங்க. தண்ணி தெளிச்ச வாசல், கோலம் போடலை. "நேத்து நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து அவரு ஒரு வாய் சாப்புடலை மாஸ்டர். ராத்திரிப் பூரா கூரையப் பாத்துட்டுப் படுத்திருந்தாரு. அஞ்சு மணிக்கு அந்த இரும்பைப் பையில போட்டாரு, போயிட்டாரு. என்ன சொன்னீங்க அவருகிட்ட?"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லலையேங்க்கான்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. எங்கம்மாகூட அப்படிப் பாத்ததில்லை என்னை.

நாலு கிலோமீட்டருங்க. பத்து கிலோ சுமையோட ஒரு மணி நேரம் ஆகும். அஞ்சுக்குக் கெளம்புனா ஆறு. இப்ப ஆறே கால். நாந்தான அந்த நடையைப் பழக்குனேன், கணக்கு எனக்கு நல்லாத் தெரியுது. அவரு கையை இழுத்து இழுத்துப் பலமாக்குனதும் நாந்தான்.

சரிங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. நீங்க எங்கயோ எறங்கிப் போகப் போறீங்க. நேத்து ஒண்ணு சொல்லிப்போட்டேன்.

ஒரு வாரமாவே அய்யா சரியில்லைங்க. நடை தளந்துருச்சு. கேட்டுகிட்ட போனா நிக்கறாரு. முந்தாநாள் நின்னு உள்ள பாத்துட்டு, "குழந்தை இளைச்சுட்டான் மாஸ்டரே. கைய ஒரு மாதிரி வெச்சிருக்கான் பாரு. சுகரா இருக்குமோ? எனக்கு இருந்தா அவனுக்கும் இருக்குமில்ல. உள்ள போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரட்டா?"ங்கறாரு. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. உள்ள போயிட்டா அப்புறம் என்னங்க? காபி குடிப்பாங்க. நாளைக்கு இட்லி. அடுத்த நாள் கார்ல வருவாரு. ரோசம் போயிருச்சுன்னா நடை போயிரும். நடை போச்சுன்னா சுகரு பழையபடி முந்நூத்தி நாப்பது. இந்த மனுசனைக் காப்பாத்தணும்னுதானுங்க நான் பண்ணேன். அப்படித்தான் நெனைச்சேன். தொண்ணூறு நாள் ஒருநாள் விடாம வந்த ஆளு, ஜிம்முல எல்லாருகிட்டயும் சொல்லிப் பெருமைப்பட்டுட்டிருந்தேன், அதுவும் ஒரு ஓரத்துல இருந்துச்சு. இல்லைன்னு சொல்லலை.

நேத்து சொன்னேன். "அய்யா, நீங்க அவரை நெனைச்சு உருகறீங்க. அவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? பெத்தவ மொகத்தைப் பாக்கக் குடுத்து வெக்காதவன், இப்ப எதுக்குத் தெனமும் எம் மொகத்தைப் பாக்க வர்றான்னு சிரிச்சாருங்க"ன்னேன்.

அவரு சொல்லலைங்க. தம்பி அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. என் வாய்ல வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலை. கோபப்படுவாரு, ரெண்டு தடவை எச்சாத் தூக்குவாருன்னு பாத்தேன். அவரு கோபப்படலை. டம்பெல்லைக் கீழ வெச்சாரு. மெதுவா வெச்சாரு. "நீ போ மாஸ்டரே"ன்னாரு. ஆனாலும் போகற வழியில நெனைச்சேன், நாளைக்கு நடை பிரமாதமா இருக்கும்னு.

இப்படி என்னைப் பாக்காதீங்க. ஏதாச்சும் பேசுங்க. ஒரு பங்காளிச் சண்டையில தலை உடையறதுக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்? பதினோரு வருசமா அவங்களே வளத்து வெச்ச பகை. நான் அதை ஒரு நல்ல காரியத்துக்குத்தான உபயோகப்படுத்துனேன். போலீஸ்காரங்க வந்தா என்னையக் கேப்பாங்களா? டம்பெல்லுல எங்க ஜிம்மு பேரு பெயிண்டுல எழுதியிருக்குதுங்க.

ரைஸ் மில்லு வந்துருச்சு. இன்னும் ரெண்டு.

அய்யோ, போன். போன் அடிக்குதுங்க. தம்பி நம்பரு. பாருங்க, குழந்தைவேலுன்னு வருது. நீங்க எடுக்கறீங்களா? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, உயிரோட இருக்காரான்னு மட்டும். சரி, சரி. நானே எடுக்கறேன்.

அலோ. ஆமாங்க, பூபதிதான். யாரு... அய்யாவா? நீங்களா பேசறீங்க? தம்பி எங்கங்க? அவருக்கு ஒண்ணும்... ஆங். ஆங். இல்லீங்க, பஸ்சுலதான் வந்துட்டிருக்கேன். ஆமாங்க. ஆமாங்க. அய்யா, அது வந்து... அலோ. அலோ.

வெச்சுட்டாரு.

ஒருத்தரும் சாகலைங்க. ரெண்டு பேரும் இருக்காங்க. அப்பாடா, சித்தெ இருங்க, மூச்சு வாங்கிக்கறேன்.

அண்ணன் போயிக் கேட்டைத் தட்டியிருக்காரு. தம்பி வந்தாரு. பையில இருந்து டம்பெல்லை எடுத்து மதில் மேல வெச்சு, "பத்து கிலோ தூக்கறியாமே. தூக்குடா பாக்கலாம். தூக்கிட்டு, நீ சொன்னதை எம் மொகத்துக்கு நேராச் சொல்லு"ன்னாராம். தம்பி கையை நீட்டியிருக்காரு. கை தோளுக்கு மேல வரலை. "முடியலைண்ணா. அஞ்சு மாசமா வலிக்குதுண்ணா. ஒரு கிலோ மணலைத்தான் தூக்கறேன்"னு சொன்னாராம். பதினோரு வருசத்துல மொதத் தடவையா அண்ணான்னு சொன்னான் மாஸ்டரேங்கறாரு. அண்ணன் அந்தக் கையைப் புடிச்சுப் பாத்தாராம். அப்படியே வாசல்லயே உக்காந்துட்டாங்களாம் ரெண்டு பேரும். போன் உள்ள சார்ஜுல கெடந்துச்சாம், அதான் எடுக்கலை.

அம்மா பேச்சு வந்துச்சாம். அன்னைக்கு சித்திரை வெயிலு, கரண்டும் இல்லை, ஐஸ் பெட்டியும் வேலை செய்யலை, பெரியவங்க எல்லாம் இனித் தாங்காது எடுத்துரலாம்னு சொல்லிட்டாங்களாம். தம்பி பொழுது சாயற வரைக்கும் மறுத்துப் பாத்தாராம். எடுக்கறதுக்கு முன்னாடி போட்டோக்காரனைக் கூப்புட்டு அம்மா மொகத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து வெச்சாராம். அண்ணன் வந்தாக் காட்டணும்னு. பதினோரு வருசம் பீரோவுல இருந்திருக்குதுங்க அது. இப்ப எங்கையில இருக்குது மாஸ்டரேன்னாரு. அழறாருன்னு கேக்கறப்பவே தெரிஞ்சுச்சு.

பாத்தீங்களா? தானாடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க. சேந்துட்டாங்க. ஒரு வகைல பாத்தா சேத்து வெச்சதே நாந்தானுங்க. நான் நடக்க வெக்கலைன்னா அவரு அந்த வாசலுக்கே போயிருக்க மாட்டாரு. இல்லீங்களா? நீங்க சொல்லுங்க. இல்லீங்களா?

என்ன, முழுசும் சொல்லிட்டீங்களான்னு கேக்கறீங்க.

கடைசியா ஒண்ணு கேட்டாருங்க. "ஏன் மாஸ்டரே, அம்மா மொகத்தைப் பத்தி குழந்தை சொன்னதா நேத்து ஒண்ணு சொன்னியே. அவன் சொல்லலைங்கறான். அம்மா மேல சத்தியம் பண்றான். அப்ப அது யாரு சொன்னது?"ன்னாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "வா. வந்து சொல்லு. உனக்கும் சேத்துத்தான் காபி போடச் சொல்லியிருக்குது, ஆறிப் போகுது"ன்னு வெச்சுட்டாரு.

கத்தலைங்க. திட்டலை. கத்தியிருந்தா எனக்குத் தெரியும் என்ன பண்ணணும்னு. ஒரு மனுசன் கோபத்துல இருந்தா அதை எப்படித் திருப்பறது, எங்க கொண்டு போய் வேலைக்கு ஆக்கறதுன்னு எனக்கு அத்துப்படி. இவரு கொரல்ல கோபமே இல்லைங்க. இதை வெச்சு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. மொதல்ல அண்ணன் தம்பியைக் கொன்னுருவாருன்னுதான பயந்தேன், அது இதுக்குத் தேவலைங்க. எனக்கு இப்பத்தான் நெசமாவே பயமா இருக்குது.

விசில் அடிச்சுட்டாரு. வந்துருச்சா? அதோ, அந்தப் பச்சைக் கேட்டு, பிரிவுல இருந்து ரெண்டாவது வீடு. வாசல்ல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க பாருங்க. மதில் மேல இருக்கறது என் டம்பெல்லு. பஸ்சத்தான் பாக்கறாங்க.

எந்திரிக்கணுங்க. காலு வரமாட்டேங்குது. எங்கிட்ட வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்லுவேன் தெரியுங்களா, காலு நடுங்குனா நல்லது, வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு சொல்லுவேன். எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன். நீங்க கொஞ்சம் கூட வர்றீங்களா? கேட்டு வரைக்கும் வந்தாப் போதும். இல்லை, உங்களுக்கு என்ன தலையெழுத்து. நீங்க உக்காருங்க.

கண்டக்டரே, ஒரு நிமிசம். எறங்கறேன், எறங்கறேன். பத்து எண்றதுக்குள்ள எறங்கிருவேன். பாருங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு, நாலு, அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

ஒன்பது.

ஒன்பது.